ஆற்றங்கரையில் நினைவுக்கல் வேண்டுமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

காவிரிப் படுகையில் ஒரு வழக்கம் மெல்லப் பரவி வருவதைப் பார்க்கிறேன். கொள்ளிடக் கரையிலும், கடற்கரை மணல்மேட்டிலும், வாய்க்கால் தலைப்பில் நிற்கும் அரசமரத்தடியிலும் சிமெண்டு மேடை கட்டி, அதன்மேல் மெருகேற்றிய கறுப்புக் கல்லைப் பதித்து, மறைந்த ஒருவரின் பெயரையும் தோற்றம் மறைவு தேதிகளையும் வெட்டி வைக்கிறார்கள். வைப்பவர்கள் துயரத்தில் இருப்பவர்கள். அவர்களைப் புண்படுத்த நான் இங்கே வரவில்லை. ஆனாலும் ஆற்றங்கரை, அலையாத்திக் காடு, மணல்மேடு போன்ற இடங்களில் இந்தக் கற்கள் இருக்கத்தான் வேண்டுமா என்பதை நாம் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

கல்வெட்டுகளைப் படிப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். கல்லில் பெயர் பொறிப்பது தவறு என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கல் ஓரிடத்தில் நிற்க வேண்டுமென்றால் அங்கே அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. எல்லை காட்டுவதோ, எச்சரிப்பதோ, நடந்ததற்குச் சாட்சி சொல்வதோ, வழிப்போக்கருக்கு உதவுவதோ, ஏதேனும் ஒன்று. அப்படி எந்த வேலையும் இல்லாத திறந்தவெளியில், ஆறும் கடலும் தாமே இடம் மாறிக்கொண்டிருக்கும் இந்த மண்ணில், தனிமனிதர் பெயரைத் தாங்கிய கல் வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

நம்முடைய படுகை வண்டல் மண். இங்கே தோண்டினால் மணலும் களிமண்ணும் கிடைக்கும், பாறை கிடைக்காது. 1010ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதனால் சோழ நாட்டில் கல் என்பது எண்ணி எண்ணிச் செலவிடும் பொருளாக இருந்தது. எழுத வேண்டியவற்றை, ஊர் கூடுகிற கோயில் சுவரில் எழுதினார்கள். அந்தச் சுவரில் அரசர் பெயர் மட்டுமா இருக்கிறது? பெரிய கோயிலுக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல்மகளிர், 400 பேரின் பெயர்களும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரை இன்றும் விரலால் தடவிப் படிக்கலாம். அந்தப் பெயர்களைக் காப்பாற்றியது அவை எழுதப்பட்ட இடம்தான். அதே கல்லை ஆற்றங்கரையில் நட்டிருந்தால் ஏதோ ஒரு வெள்ளத்தில் மண்ணுக்குள் போயிருக்கும்.

வயல்வெளியில் கல் நட்டதே இல்லையா என்றால், நட்டார்கள். பெருமாள் கோயிலுக்கு விட்ட நிலத்தின் எல்லையில் சக்கரம் பொறித்த திருவாழிக்கல்லும், சிவன் கோயில் நிலத்தின் எல்லையில் சூலம் பொறித்த கல்லும் நின்றன. அவை நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகர்ந்தாலும் பொருளற்றுப் போகும். போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளாக வகுத்துச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வழிபட்டு வாழ்த்துவது வரை ஊரே சேர்ந்து செய்த காரியம் அது. அந்தக் கற்கள் ஆளற்ற காட்டுக்குள் ஒளிந்து நிற்கவில்லை, வழியோரங்களில் நின்றன.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்துக்கு நெருக்கமானது சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் குறுக்கே பலகைபோல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். அதன் உயரத்தைக் கவனியுங்கள்: தலைச்சுமையோடு வருகிற ஒருவர், மற்றொருவர் கைகொடுக்காமல், குனியாமல், அப்படியே சரித்து இறக்கிவைத்து, இளைப்பாறிய பின் அப்படியே மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளும் உயரம் அது. கருவுற்ற நிலையில், வயிற்றுச் சுமையை இறக்கிவைக்காமலேயே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுவினார்கள். சில கற்களின் பக்கவாட்டில் அவள் பெயர் இருக்கும், பலவற்றில் இருக்காது. அவள் இறக்க முடியாத சுமைக்காக, ஊரார் தங்கள் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் அமைத்த அந்த எண்ணத்தைப் போல் உயர்ந்த நினைவுச்சின்னத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இன்று சாலையை அகலப்படுத்தும்போது அவற்றைப் பெயர்த்துப் புதரில் தள்ளிவிடுகிறோம் என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

பெயர் நிலைப்பதற்குக் கல்லே தேவையில்லாத வழியும் நம்மிடம் உண்டு. முடிகொண்டான் ஆறு, வீரசோழன் ஆறு, விக்கிரமன் ஆறு என்று ஆறுகளே பெயர் தாங்கி ஓடுகின்றன. 'முடிகொண்டானில் தண்ணீர் வந்துவிட்டதா' என்று ஒரு விவசாயி கேட்கும்போது, ராஜேந்திர சோழனின் விருதுப் பெயர் அவர் வாயில் தானாக வந்து போகிறது. மாறாக, 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்கு அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டினார்கள். டெல்டாவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பவர் யார்? 'மேட்டூரில் எத்தனை அடி' என்றுதான் கேட்கிறோம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும், அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆற்றின் பெயரில் அரசன் வாழ்கிறான். அந்த ஆற்றை வெட்டியவர்களும், கரையில் மண் சுமந்தவர்களும், நாற்று நட்டவர்களும் எந்தப் பெயரில் வாழ்கிறார்கள்? 1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த ஊரில் நினைவிடம் இல்லாமற்போனால் சுற்றியுள்ள பச்சை வயல்கள் எதையும் சொல்லா. அழகான நிலக்காட்சியைக் கல்லால் கெடுக்கக் கூடாது என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் வெண்மணியில் சற்று நின்று யோசிக்க வேண்டும். நடந்ததை மறைக்கிற அழகு நமக்கு வேண்டாம்.

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் நிற்கும் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணையும் அப்படியே ஏற்கிறேன். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பை அள்ளிய இடம் அது. சுற்றிலும் இன்றும் உப்பளம்தான். ஆண்டுதோறும் அங்கே கூடி உப்பு அள்ளுகிறார்கள். தூணும் நிலமும் ஒன்றையே சொல்கின்றன.

ஆழிப்பேரலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களுக்காக எழுப்பிய தூண்களில் ஆண்டுதோறும் மலர் வைக்கிறோம்; மீனவர்கள் கடலில் பால் ஊற்றுகிறார்கள். அது சரியே. ஆனால் அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருத்தெருவாகக் காட்டும் கல்லைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன். ஜப்பானின் அனேயோஷி என்ற சிற்றூரில், 1933ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பிறகு, 'இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள்' என்று பொறித்த கல் ஒன்றை நட்டார்கள். ஊரார் அதன்படி நடந்தார்கள். 2011இல் வந்த பேரலை அந்தக் கல்லை எட்டாமல் கீழேயே நின்றது. இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களைக் காப்பாற்றிய கல் அது. நம் கடலோர ஊர்களிலும் கொள்ளிடக் கரை ஊர்களிலும், பள்ளிக்கூடச் சுவரில், மின்கம்பத்தில், மதகின் பக்கச்சுவரில், நீர் ஏறிய உயரத்தையும் ஆண்டையும் குறித்துவைப்பது எளிது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் எங்கள் தாத்தாக்களின் பேச்சோடு போய்விட்டது. எந்தச் சுவரிலும் கோடாக மிஞ்சவில்லை என்பது என் ஆதங்கம்.

இனி, கல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லும் இடங்களுக்கு வருகிறேன். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். 2002இல் முத்துப்பேட்டையோடு சேர்த்து ராம்சர் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு உடன்படிக்கைப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அங்குள்ள வெளிமான்களுக்குத் தடையில்லாத புல்வெளி வேண்டும். பனிக்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளுக்குக் கலக்கமில்லாத ஆழமற்ற நீர் வேண்டும். ஒரு கல் என்ன கெடுத்துவிடும் என்று கேட்கலாம். கல் தனியாக வருவதில்லை. மேடை வருகிறது, மேடைக்குப் பாதை வருகிறது, நினைவு நாளில் கூட்டம் வருகிறது, கூட்டத்தோடு ஒலிபெருக்கியும் நெகிழிக் குவளையும் சாப்பாட்டுப் பொட்டலமும் வருகின்றன. நினைவாக மரம் நடலாமே என்பவர்களும் அங்கே பொறுக்க வேண்டும். சீமைக்கருவேல் பரவிப் புல்வெளியை விழுங்குவதுதான் அந்தச் சரணாலயத்தின் பெருந்தொல்லைகளுள் ஒன்று. புல்வெளியில் நாம் அன்போடு நடும் மரமும் புல்லின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்.

முத்துப்பேட்டையில், பாமணியாறும் கோரையாறும் கடலைத் தொடும் காயலோரத்தில், அலையாத்தி மரத்தடியைக் குனிந்து பாருங்கள். சேற்றிலிருந்து விரற்கடை அளவில் ஆயிரக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நிற்கும். அவை மூச்சு வேர்கள். அந்த வேர்களின் வழியாகத்தான் மரம் காற்றை வாங்குகிறது. அவற்றின்மேல் ஒரு சட்டி சிமெண்டுக் கலவையைக் கொட்டினாலும் அந்த இடத்தில் மரத்தின் மூச்சை அடைக்கிறோம். யாருடைய நினைவுக்காகவும் செய்யத் தகுந்த காரியம் அன்று அது.

அன்புக்குரியவரை இழந்த குடும்பத்துக்கு வேறு வழியே இல்லையா? நிறையவே இருக்கிறது. இடிந்த படித்துறையில் நான்கு படிகளைச் சீரமைத்து, ஓரத்தில் சிறிதாகப் பெயர் பொறிக்கலாம். பேருந்து நிறுத்தத்தில் நிழலோடு ஓர் இருக்கை போடலாம். புதரில் கிடக்கும் பழைய சுமைதாங்கியைத் தூக்கி நிறுத்தலாம். அப்போதும் கல்லில் மறைந்தவரின் பெயர் பெரிதாக இருக்கட்டும். தலைமை, முன்னிலை, திறந்து வைத்தவர் என்ற பட்டியல் முக்கால் கல்லை அடைத்துக்கொண்டு, யாருக்காக வைத்தார்களோ அவர் அடிவரியில் ஒடுங்கிக் கிடப்பதைப் பல இடங்களில் காண்கிறேன். அந்தப் பட்டியல் வேண்டாம்.

ஏற்கெனவே கரைகளில் வைத்துவிட்ட கற்களை இடித்துப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. வாய்க்கால் தூர்வாரும்போதோ கரையைப் பலப்படுத்தும்போதோ எடுக்க நேர்ந்தால், முதலில் குடும்பத்தாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் முன்னிலையில் உடையாமல் பெயர்த்து, அதே ஊரின் படித்துறைச் சுவரிலோ மயானக் கொட்டகையின் சுவரிலோ ஊராட்சிச் செலவில் பதித்துத் தர வேண்டும். புதிதாக வைக்க விரும்புகிறவர்கள் கரையில் அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே ஊராட்சியிடமும் நீர்வளத் துறையினரிடமும் கேட்கும் வழக்கத்தை, வரும் கிராமசபைக் கூட்டங்களிலேயே தீர்மானமாக எழுதிவிடலாம்.

நன்றி, வணக்கம்.