கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

பாம்புக்கடிக்கு முதலுதவி என்ற பாடத்தை ஏறக்குறைய முப்பது வருஷம் வகுப்பில் நடத்தியவள் நான். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டும் என்று கரும்பலகையில் ஒரு காலை வரைந்து, அதில் கயிற்றையும் வரைந்து காட்டியிருக்கிறேன். போன வருஷம் ஆனி மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு நாய் மூஞ்சியில் கடி வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. என் மாமியார் கேட்டார்: "மூக்குல கடிச்சிருந்தா எங்க கட்டறது கண்ணு, கழுத்துலயா?" அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இப்போது மருத்துவர்கள் கயிறே கட்ட வேண்டாம் என்கிறார்கள். ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப்போகும் என்பதால். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் யார் காலில் கட்டினார்களோ, தெரியவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தோட்டம் பரமத்தி வேலூர் பக்கம். தென்னை, கொஞ்சம் வாழை. நாய் பெயர் செவலை. சாதா நாட்டு நாய்தான், நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். மகள் வயிற்றுப் பேரன் லீவுக்கு வந்திருந்தான், ஆறு வயசு. பந்து போய்த் தென்னை மட்டைக் குவியலுக்குள் விழுந்தது. மட்டைக்கும் மட்டைக்கும் நடுவில் அவன் கையை விடப் போனான். நான் திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்தேன்.

விசில் வருவதற்கு முன்னால் குக்கர் சீறுமே, அந்தச் சத்தம் கேட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அத்தை, அடுப்பைக் கொஞ்சம் சின்னதா வைங்க" என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

"குக்கரே வெக்கலையே கண்ணு" என்றார் மாமியார்.

அதற்குள் செவலை குவியலுக்குள் தலையை விட்டுவிட்டது. ஒரே ஒரு கத்தல். பின்னாலேயே துள்ளி வந்து மூஞ்சியைத் தரையில் தேய்த்தது. பேரன் கையை நீட்டியபடியே நின்றிருந்தான். அவனுக்கும் குவியலுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்குமா? இருந்திருக்காது.

என் வீட்டுக்காரர் டார்ச் எடுத்து வந்து அடித்துப் பார்த்தார். தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்ட வட்டமாகப் புள்ளிகள். "மலைப்பாம்புக் குட்டிதான். ஒண்ணும் பண்ணாது, விடு" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணாடி விரியனையும் மலைப்பாம்புக் குட்டியையும் குழப்பிக்கொண்டவர்கள் இந்த ஊரில் ஏராளம். ஆனால் மலைப்பாம்பின் புள்ளிகள் கோணல்மாணலாக இருக்கும். விரியனின் புள்ளிகள் மூன்று வரிசையாக, ஒழுங்காக ஓடும். அந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டியவள் நான்தான். கவனிக்கவில்லை. அரை மணி நேரம் போனது.

அந்த அரை மணி நேரத்தில் மாமியார் கொல்லையில் சிறியாநங்கை பறித்து அரைத்துச் சாறு எடுத்துவிட்டார். வாயைப் பிளந்து ஊற்றப் போனோம். செவலை என்னைப் பார்த்து உறுமியது. மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. நல்ல வேளை, உறுமியது. தொண்டை வீங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சாறு மூச்சுக்குழலுக்குள் போயிருந்தால் பாம்பு செய்ய வேண்டியதை நாங்களே செய்து முடித்திருப்போம்.

துணி துவைக்கும் கல்மேல் அது தலையை வைத்துப் படுத்தது. மேலுதட்டில் இரண்டு துளி ரத்தம். துடைத்தேன். மறுபடி இரண்டு துளி. கத்தி கீறினால்கூடக் கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றுவிடும், இது நிற்கவில்லை. கல்லில் விழுந்த ரத்தமும் காய்ந்து கட்டியாகாமல் சொட்டுச் சொட்டாக ஓரத்துக்கு ஓடியது. அப்போதுதான் எனக்குக் கை கால் உதறியது. விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. இதையும் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நடக்க விடக்கூடாது என்று மட்டும் புத்தி வேலை செய்தது. உரச் சாக்கை விரித்து, அதில் படுக்கவைத்து, நான்கு மூலையிலும் பிடித்துப் பக்கத்துத் தோட்டத்து ஆம்னி வண்டியில் ஏற்றினோம். வழியில் முதலில் போன இடத்தில் வலிக்கு ஒரு ஊசி போட்டார்கள். விஷமுறிவு மருந்து இல்லை, நாமக்கல்லுக்குப் போங்கள் என்றார்கள். 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருப்பது இந்தப் பக்கத்து ஆடு மாடுகளுக்கு மட்டும் அதிர்ஷ்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. செவலையின் மூஞ்சி அதற்குள் பலாக்காய் அளவுக்கு ஆகிவிட்டது, ஒரு கண் மூடிக்கொண்டது. அவர் பதற்றப்படவே இல்லை. முன்னங்காலில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் விட்டு, அசைக்காமல் மேஜைமேல் நிறுத்தினார். செல்போனில் இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைத்தார்.

நேயர்களே, சோதனை அவ்வளவுதான். மனிதர்களுக்கும் இதேதான். மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. ரத்தம் உறைவதைத் தூண்டிவிடுவது கண்ணாடிப் பரப்புதான். புதுசாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாய் என்றால் நல்ல ரத்தம்கூட உறையாமல் ஏமாற்றிவிடும். இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் சரி. ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது.

அந்த இருபது நிமிஷமும் நான் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. இந்தப் பாம்புக்கு இங்கிலீஷ்காரர்கள் ரஸ்ஸல் விரியன் என்று பெயர் வைத்தார்கள். பாட்ரிக் ரஸ்ஸல் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் விசாகப்பட்டினத்தில் இருந்த டாக்டர். விஷம் என்ன செய்கிறது என்று கோழிகளுக்கும் நாய்களுக்கும் கடி வாங்கிக் கொடுத்துத்தான் பார்த்தாராம். இருநூறு வருஷத்துக்கும் முந்திய அந்த நாய்களுக்கு மருந்து கிடையாது. அலாரம் அடித்தது. டாக்டரம்மா குழாயைச் சாய்த்தார். ரசம் மாதிரி ஓடியது.

மருந்து சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடியாக இருந்தது. தண்ணீர் சேர்த்து, குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். குலுக்கினால் நுரைத்துவிடுமாம். நாய்க்கென்று தனி மருந்து இல்லை. நமக்குப் போடுவதுதான். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. அதற்கு விஷம் கொடுப்பதில் பெரும் பங்கு செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் நடக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துடையது. அந்த மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இரண்டு பேருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பேப்பரில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். அன்றைக்குச் செவலையின் காலில் சொட்டியது அவர்கள் கைபட்ட விஷத்தின் மறுபிறவி.

மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போகவும் வாய்ப்பு உண்டு என்று அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார்கள். முதல் இரண்டு குப்பி இறங்கிய பிறகு ஆறு மணி நேரம் விட்டு மறுபடி குழாய். ராத்திரி மூன்று மணி இருக்கும். பாதி உறைந்தும் உறையாமலும், உறை ஊற்றின கொஞ்ச நேரத்தில் பால் இருக்குமே, அப்படி. இன்னொரு குப்பி. விடிந்து ஒன்பது மணிக்கு மூன்றாவது குழாய். டாக்டரம்மா சாய்த்தார். அப்புறம் தலைகீழாகவே கவிழ்த்தார். விழவில்லை. கெட்டித் தயிர்.

சிறுநீரகம் என்ன ஆகுமோ என்று இன்னும் ஐந்து நாள் மூத்திரத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தோம். அது பிழைத்தது. பாம்பு கிடைக்கவில்லை. மட்டைக் குவியலை அப்புறப்படுத்திவிட்டோம்.

"நாய்க்குப் போய் மனுஷ மருந்தா?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்பது நியாயம்தான். நம் நாட்டில் 2000-த்திலிருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்குச் சொல்கிறது. அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மறுபடி அப்படி ஆனால் மறுபடியும் நாமக்கல்லுக்குத்தான் போவேன், அது மட்டும் தெரியும்.

ஊரில் எல்லோரும் பேரனுக்கு விழ வேண்டிய கடியை நாய் வாங்கிக்கொண்டது என்கிறார்கள். என் மகள் போனில் அதைச் சொல்லும்போதெல்லாம் அழுகிறாள். நான் ஒத்துக்கொள்வதில்லை. செவலை எல்லா இடத்திலும் மூக்கை நுழைக்கும். கோழிக் கூண்டில், சாம்பார்ச் சட்டியில், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில். அன்றைக்கும் நுழைத்தது. அதைத் தியாகி ஆக்கினால், திண்ணையில் உட்கார்ந்துகொண்டு குக்கரை அணைக்கச் சொன்ன என்னை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

கடிபட்ட இடத்தில் தோல் உரிந்து ஆறிய பிறகு, மூக்குத் தண்டில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மயிர் வெள்ளையாக முளைத்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "பாவம், வயசாயிருச்சாட்ட இருக்குது" என்கிறார்கள். அதற்கு இந்த ஆவணி வந்தால் நாலு முடியும்.

வணக்கம்.