கல்லாவுல உக்காந்து பாத்தா காட்ஃபாதர்

எல்லாருக்கும் வணக்கம். நோட்டீஸ்ல "சினிமாவும் மாஃபியாவும்"னு போட்டுட்டாங்க, போன்ல கேட்டப்ப நானும் சரி சரின்னுட்டேன், வெச்சப்புறம்தான் யோசிச்சேன், நமக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம், நான் மளிகைக் கடைக்காரர் மகன். அதனால கல்லாவுல உக்காந்து பாத்தா என்ன தெரியுமோ அதை மட்டும் பேசிடறேன்.

முதல்ல அந்தப் பேரு. "மாஃபியா"ங்கிற வார்த்தை ஊர் உலகத்துக்கெல்லாம் பரவினதே ஒரு நாடகத்தாலதான். 1863ல, இத்தாலியோட சிசிலித் தீவுல, பலெர்மோ ஜெயிலுக்குள்ள நடக்கற கதை, உள்ள ஒரு ரவுடிக் கூட்டம், அதுக்கு ஒரு தலைவரு, அவருக்கு தனி மரியாதை, புதுசா வர்ற கைதி காசு கட்டணும். தலைப்புலயே "மாஃபியோஸி"ன்னு போட்டிருந்தாங்க. நாடகம் செம ஹிட்டு. ரெண்டே வருஷத்துல, 1865ல, அரசாங்க அதிகாரி எழுதின கடுதாசில அந்த வார்த்தை ஏறிடுச்சு. அதாவது மேடைல இருந்து ஃபைலுக்குப் போயிருக்கு பாருங்க. 1984ல தொம்மாஸோ புஷெத்தான்னு மாஃபியாவுலயே ஒரு பெரிய கை, நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனே கிட்ட வாக்குமூலம் குடுக்கறப்ப இதையே சொல்றாரு, மாஃபியாங்கிறதெல்லாம் எழுதறவங்க வார்த்தை, எங்களுக்குள்ள பேரு கோஸா நோஸ்த்ரா, அதாவது "நம்ம சமாச்சாரம்".

அடுத்து காட்ஃபாதர். கதைய எழுதின மரியோ பூஸோ பின்னாடி அவரே ஒத்துக்கிட்டாரு, நிஜ கேங்ஸ்டர் ஒருத்தரையும் நான் பாத்ததில்ல, எல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்னு. படம் 1972ல வந்துச்சு. அதுல "மாஃபியா"ங்கிற வார்த்தையே கிடையாது, ஏன்னா நியூயார்க்ல ஜோ கொலம்போன்னு ஒருத்தர் இத்தாலிக்காரங்க மானத்தக் காப்பாத்தறேன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு, படம் எடுக்கறவங்க கிட்ட பேசி அந்த வார்த்தைய எடுக்க வெச்சாரு. அவரு யாருன்னு கேட்டா, ஒரு மாஃபியா குடும்பத்துக்கே தலைவரு! (சிரிப்பு) சிரிக்காதீங்க, 1971 ஜூன்ல அவரு சங்கத்துப் பொதுக்கூட்டத்துலயே அவரைச் சுட்டாங்க, ஏழு வருஷம் படுத்த படுக்கையா கெடந்துதான் போனாரு.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். சிசிலில கடைகள்ல வாங்கற மாமூலுக்குப் பேரு பிட்ஸோ. அவங்க பேச்சுல அது பறவையோட அலகு, "அலகை நனைச்சுக்கறேன்"னா உன் வருமானத்துல நானும் ஒரு வாய் குடிச்சுக்கறேன்னு அர்த்தம். காட்ஃபாதர் ரெண்டாவது பாகத்துல ஒரு வெள்ளை சூட்டுக்காரர் தெருத்தெருவாப் போய் இதையேதான் கேப்பாரு, ஞாபகம் இருக்கா? அவரைக் கொன்னுட்டுத்தான் நம்ம ஹீரோ ஹீரோவாகறாரு. அதுக்கப்புறம் ஒரு சின்ன சீன், ஹீரோ பழம் வாங்கப் போறாரு, கடைக்காரர் காசு வேணாம்னுட்டாரு. தியேட்டர்ல எல்லாரும் அதை மரியாதைன்னு பாத்தாங்க. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுச்சு.

எங்கப்பா கடைக்கு மாசம் ஒருதரம் ஒருத்தர் வருவாரு, பேரு வேணாம், எப்பவும் ஒரே சிகரெட் பாக்கெட்டு, எடுத்துட்டு பாக்கெட்ல கைய விடற மாதிரி விடுவாரு, கை உள்ளயே நிக்கும், எங்கப்பா "இருக்கட்டும்ணே"ன்னு சொல்ற வரைக்கும் வெளிய வராது. அப்புறம் ஒரு கவரு கை மாறும். ராத்திரி கணக்கெழுதறப்ப அப்பா அதை "கோயில் செலவு"ன்னு எழுதுவாரு. ரொம்ப நாள் நாங்க பெரிய பக்திமான் குடும்பம்னே நெனச்சுட்டு இருந்தேன்.

படத்துல மாமூல் கேக்கறவன் வில்லன், அவனை ஒழிக்கறவர் நல்ல டான். அடுத்த மாசம் அந்த நல்ல டான் சார்பா வர்ற ஆளை மட்டும் எந்த கேமராவும் காட்டாது. நம்ம ஊரு டான் படம் நெறைய இந்த ஃபார்முலாதான்.

பலெர்மோல லிபெரோ கிராஸ்ஸின்னு ஒருத்தர், பைஜாமா, உள்ளாடை தைக்கற ஃபேக்டரி நடத்தினாரு, நூறு பேர் வேலை பாத்தாங்க. அவருக்குப் போன் வருது, பேசறவரு தன்னை சர்வேயர் அன்ஸலோனேன்னு சொல்லிக்கறாரு, ஜெயில்ல இருக்கற நம்ம பசங்களுக்கு ஏதாவது பாத்து செய்யுங்கன்னு. எவ்வளவு பதவிசு பாருங்க, நம்ம ஊர்ல கோயில் கொடை, அங்க ஜெயில் பசங்க. கிராஸ்ஸி 1991 ஜனவரி 10ஆம் தேதி லோக்கல் பேப்பர்ல ஒரு லெட்டர் எழுதினாரு, ஆரம்பமே "அன்புள்ள மிரட்டல்காரருக்கு"ன்னுதான். மிரட்டல் போனுக்கும் குண்டுக்கும் வீணா செலவு பண்ணாதீங்க, நான் குடுக்கப் போறதில்லன்னு எழுதிட்டு, கடைக்காரன் கணக்கு ஒண்ணு சொல்றாரு: இப்ப 50 மில்லியன் லீரா (அப்ப இத்தாலி காசு) குடுத்தா அதோட விடமாட்டீங்க, மாசாமாசம் கேப்பீங்க, கொஞ்ச நாள்ல நான் கடைய மூடணும். டிவிலயும் வந்து பேசினாரு. அந்த ஊர் தொழிலதிபர் சங்கத்து ஆளுங்களே அவரை விட்டு ஒதுங்கிட்டாங்க, எதுக்குய்யா இவ்வளவு சத்தம்னு. ஆகஸ்ட் 29 காலைல வீட்ட விட்டு ஃபேக்டரிக்குக் கிளம்பினவர தெருவுலயே சுட்டுட்டாங்க.

பதிமூணு வருஷம் கழிச்சு, அதே ஊர்ல கொஞ்சம் பசங்க சேர்ந்து ஒரு பார் திறக்கலாம்னு உக்காந்து பட்ஜெட் போடறாங்க, வாடகை, சம்பளம், கரண்டுன்னு எழுதிட்டே வந்து, அப்ப பிட்ஸோவுக்கு எவ்வளவு போடறதுன்னு ஒருத்தன் கேக்கறான். அங்கயே பேனா நின்னுடுச்சு. 2004 ஜூன் 29 காலைல பலெர்மோ முழுக்க ஸ்டிக்கர், சாவு நோட்டீஸ் மாதிரி கறுப்பு பார்டர் போட்டு, பிட்ஸோ கட்டற ஜனம் மானமில்லாத ஜனம்னு. அதுல இருந்து வந்ததுதான் அத்தியோபிட்ஸோ இயக்கம். பிட்ஸோ கட்டாத கடைகளா பாத்து லிஸ்ட் போட்டு, வாங்கறதா இருந்தா இங்க வாங்குங்கன்னு சொல்றாங்க. முன்னெல்லாம் காசு குடுக்காத கடைக்கு முதல் எச்சரிக்கை என்னன்னா ராத்திரி வந்து ஷட்டர் பூட்டுல சூப்பர் குளூ ஊத்திடறது, காலைல சாவி உள்ளயே போகாது. எந்தப் படத்துலயும் நான் பாத்ததில்ல, பசை டப்பாவ வெச்சு யாரு மாஸ் சீன் எடுப்பா.

கிராஸ்ஸி செத்த இடத்துல கல்வெட்டு வேணாம்னுட்டாங்க அவரு குடும்பம். வருஷா வருஷம் ஆகஸ்ட் 29 அன்னிக்கு பிளாட்ஃபார்ம்ல செவப்பு பெயிண்ட் ஊத்தி, கைல எழுதின ஒரு பேப்பரை செவுத்துல ஒட்டறாங்க. யார் கொன்னதுன்னு அதுல வரிசையா இருக்கு: மாஃபியா, தொழிலதிபர் சங்கத்தோட மௌனம், கட்சிகளோட அலட்சியம், அங்க இல்லாம போன அரசாங்கம். பேப்பர்தானே, மழை வெயில்ல நைஞ்சு போயிடும், அடுத்த ஆகஸ்ட்ல மறுபடி எழுதி ஒட்டறாங்க.