முட்டிக்கு வெந்நீரா, ஐஸா?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். மூட்டுவலி என்று வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "சார், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா, ஐஸ் வைக்கலாமா?"

முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். நீங்களும் பார்க்கலாம். புறங்கையைத் தொடையில் வையுங்கள், பிறகு முட்டிச் சிரட்டைமேல் வையுங்கள். நல்ல முட்டி தொடையைவிடச் சற்றுக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அது சுட்டால், கூடவே வீங்கியும் இருந்தால், உள்ளே அழற்சி. அதற்கு ஐஸ். ரத்தக்குழாய் சுருங்கும், வீக்கம் அடங்கும், வலி மரத்துப்போகும். யூரிக் அமிலத்தால் கால் பெருவிரல் ராத்திரியில் வீங்கித் துடிக்கிறதே, அதற்கும் ஐஸ்தான்.

சூடு இல்லை, காலையில் எழுந்ததும் முட்டி பிடித்துக்கொள்கிறது, நாலு எட்டு நடந்தால் இளகுகிறது என்றால் அது பெரும்பாலும் தேய்மானம். அங்கே வெந்நீர் சுகம் தரும். இறுகிய தசை தளரும். தேய்ந்தது வளராது, அதை யாராவது வளர்த்துத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

ஒரு அம்மா வந்தார். எழுபதை நெருங்கும் வயது, பல வருஷமாகச் சர்க்கரை. புடவையைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். முட்டிக்குப் பின்னாலும் கெண்டைக்காலிலும் மீன்வலை விரித்த மாதிரி பழுப்புக் கோடுகள்.

"என்னம்மா இது?"

"வெந்நீர்ப் பைதான் தம்பி. கொதிக்கக் கொதிக்க ஊத்தி, அதுமேல காலைப் போட்டுத் தூங்கிடுவேன். சூடே தெரியலையே!"

தெரியாததுதான் ஆபத்து. சர்க்கரை நரம்பை மழுங்கடித்திருந்தது. தினமும் ஒரே இடத்தில் சூடு பட்டுப் பட்டு வந்த வலை அது. கொப்புளம் வராதது அவர் அதிர்ஷ்டம்.

பையின்மேல் காலை வைக்காதீர்கள், காலின்மேல் பையை வையுங்கள். கொதிநீர் வேண்டாம். துண்டு சுற்றி 15, 20 நிமிடம் போதும். கால் மரத்திருப்பவர்கள், வீட்டில் வேறு யாரையாவது சூடு பார்க்கச் சொல்லுங்கள். தைலம் தேய்த்த இடத்தில் ஒத்தடம் கூடவே கூடாது, தோல் வெந்துவிடும். ஐஸையும் ஈரத்துணியில் சுற்றித்தான், 10 முதல் 15 நிமிடம். குளிரில் விரல் வெளுத்துப்போகிறவர்களுக்கு ஐஸ் ஆகாது.

பாட்டிமார் உப்பை வறுத்து மூட்டைகட்டிக் கொடுப்பார்களே, எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஒற்றி ஒற்றி எடுப்பதால்தானே ஒற்றடம்? சூடு ஓரிடத்தில் தங்காது.

ஒத்தடம் முடிந்ததும் படுத்துவிடாதீர்கள். இளகிய அந்த நேரம்தான் பயிற்சிக்கு ஏற்றது. காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, கீழே அழுத்தி ஐந்து எண்ணி விடுங்கள். பத்து முறை. அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன். "ஒத்தடத்தைவிட இதுதான் வலிக்குது" என்று திட்டிக்கொண்டே செய்கிறார்.

கடைசியாக ஒன்று. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து வீங்கி, காய்ச்சலும் அடித்தால் வெந்நீரும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வணக்கம்.