முதலில் கழிவு மேட்டைப் பாருங்கள்

சேலம் நேயர்களுக்கு வணக்கம்.

டங்ஸ்டன் என்றதும் மதுரைப் பக்கம்தான் ஞாபகம் வரும். அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டி மக்கள் போராடினார்கள். 2025 ஜனவரியில் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. ரொம்பச் சரியான முடிவு. சமணர் படுக்கைகளும் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டும் இருக்கிற மண் அது. ஆனால் லேத் பட்டறையில் இரும்பைச் சீவும் கார்பைடு டிப்புக்கும், போர் போடும் பிட்டுக்கும் டங்ஸ்டன் வேண்டும். உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவிடம் இருக்கிறது.

அப்படியானால் எங்கே தேடுவது? ஏற்கெனவே தோண்டிப் போட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும் என்பேன்.

கோலார் தங்கவயலில் நம் சேலம், வட ஆற்காடு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அங்கே தங்கம் இருந்த படிகக்கல்லில் சீலைட் என்ற டங்ஸ்டன் கனிமமும் உண்டு. தங்கத்தைப் பிரித்தபின் அரைத்த மண்ணைக் கோடிக்கணக்கான டன் மேடு மேடாகக் கொட்டினார்கள். சயனைடு பட்ட மண் என்பதால் எச்சரிக்கையாகத்தான் கை வைக்க வேண்டும். ஆனாலும் வெடி வைத்து, மேலே ஏற்றி, அரைத்த செலவெல்லாம் முன்பே முடிந்துவிட்டது.

சீலைட் பார்வைக்கு மங்கிய வெள்ளை. படிகக்கல்லுக்கு நடுவே கண்ணில் படாது. நம் ஊரில் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், தூக்கிப் பழகியவர் கையில் கொடுத்தால் உடனே சொல்லிவிடுவார்: அளவு அதே, கனம் இரண்டு மடங்கு! அப்புறம் இருட்டில் குற்றலைப் புற ஊதா விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். சீலைட் நீலவெள்ளையாக ஒளிரும். பகலில் வெறும் கல்லாகக் கிடந்த குவியலில் அரிசி மணி அளவுப் பொட்டுகூடத் தெரியும். மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருந்தால் மஞ்சளாக இருக்கும். ஃப்ளோரைட் என்ற வேறொரு கனிமமும் நீலமாக ஒளிரும் என்பதால் ஆய்வகச் சோதனை கட்டாயம். அந்த விளக்கின் ஒளி கண்ணைக் கெடுக்கும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வேண்டாம்.

கருப்பூர் வெள்ளைக்கல் குழிகளில் இதைத் தேடலாமா என்று கேட்பீர்கள். டங்ஸ்டன் பெரும்பாலும் கிரானைட்டைச் சார்ந்து வரும். கருப்பூர்ப் பாறை டியூனைட் என்ற வேறு வகை. அங்கே குரோமியத் தாதுவான குரோமைட்டைத் தேடுவதே பொருத்தம். அந்தக் காலத்தில் அதையும் அங்கே வெட்டியிருக்கிறார்கள்.

கைவிட்ட குழிக்குள் மட்டும் யாரும் இறங்காதீர்கள். கனமான வெள்ளைக்கல் எங்காவது வெளியே கிடைத்தால், எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி, பெரியார் பல்கலைக்கழக நிலவியல் (ஜியாலஜி) துறையில் காட்டுங்கள். இடம் தெரியாத கல்லை வைத்து யாராலும் மேற்கொண்டு தேட முடியாது. வணக்கம்.