ஈயச் (டின்) சுரங்கத்துக்காரங்க கட்டின சர்ச்! கருங்கல்லை நேரா பிளந்தது எப்படி?

வணக்கம் மக்களே! பிளான் போட்டவர் ஒரு பாதிரியார். கட்டினவங்க ஊர்ச் சுரங்கத் தொழிலாளிங்க. 170 வருஷமாகியும் அசையாம நிக்குது.

இடம், இங்கிலாந்தோட மேற்கு மூலை. கோர்ன்வால் பக்கம் பெண்டீன் கிராமம். 1846-ல தனிப் பங்கு, அதாவது தனி சர்ச் வட்டாரம் ஆச்சு. ராபர்ட் ஏட்கன்ங்கிற பாதிரியார், ஸ்காட்லாந்துல ஐயோனா தீவுப் பேராலயத்தை மாதிரியா வச்சு வரைஞ்சார். வரலாறு போதும், கல்லுக்கு வருவோம்.

நம்ம கேஎல் (கோலாலம்பூர்) லம்பத்துல, அதாவது ஈயச் சுரங்கத்துல, ஈயம் மண்ணோட கலந்து கிடந்தது. 1857-ல ஈயம் தேடி அம்பாங் போன 87 சீனத் தொழிலாளிங்களும் மண்ணைத்தான் தோண்டினாங்க. பெண்டீன்ல ஈயம் பாறைக்குள்ள ஓடுது. ஒருத்தர் உளியைத் திருப்பிப் பிடிக்க, இன்னொருத்தர் சம்மட்டியால அடிச்சுத் துளை போடணும், அப்புறம் வெடிமருந்து. துளை போடுற அந்தக் கைப்பழக்கம் கல் வேலைக்கும் அப்படியே உதவும்!

ஆனா சுவர்க் கல்லுக்கு வெடி ஆகாது. உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்துடும். அப்போ கோர்ன்வால்ல கல் பிளந்த முறையைக் கவனமா பாருங்க. முதல்ல கல் எந்தப் பக்கம் சுலபமா பிளக்கும்னு பார்க்கணும், கருங்கல்லுக்கும் வாட்டம் உண்டு. அந்த வாட்டத்துல ஒரே கோட்டுல வரிசையா சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையிலயும் ரெண்டு இரும்புத் தகடு, நடுவுல ஒரு ஆப்பு. வரிசையா ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு லேசான அடி, மறுபடி முதல்லேர்ந்து. இறுக இறுக ஆப்போட சத்தம் கூர்மையாகும். அப்போ அடிக்காம கொஞ்சம் பொறுக்கணும், கல்லே பிளந்துக்கும். கருங்கல் அழுத்தினா நல்லாத் தாங்கும், இழுத்துப் பிரிச்சா தாங்காது. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்!

அவசரப்பட்டு ஒரே ஆப்பை அடிச்சா மூலை தெறிக்கும். துளை கோடு தப்பினா விரிசலும் தப்பும். இப்படிப் பிளந்த கல்லோட ஓரத்துல பாதித் துளைத் தடம் வரிசையா தெரியும். பழைய கல் கட்டடத்துக்குப் போனா தேடிப் பாருங்க.

1985-ல உலக ஈய விலை விழுந்தப்போ நம்ம லம்பங்களும் அடிபட்டுச்சு, பெண்டீன் பக்கத்து கீவர் சுரங்கமும் 1990-ல மூடியாச்சு.

கடைசியா ஒண்ணு. கருங்கல் தண்ணிய அதிகம் குடிக்காது, மழை இணைப்பு வழியாத்தான் இறங்கும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விட்டுடும். பழுதுபார்க்கிறேன்னு சிமெண்ட் அடைச்சா ஈரம் உள்ளேயே மாட்டிக்கும், உள்சுவர் பூச்சு உதிரும். தயவுசெஞ்சு அந்தத் தப்பைப் பண்ணாதீங்க! உங்க ஊர்ப் பழைய சர்ச், கோயில் சுவர்ல எந்தச் சாந்து இருக்குன்னு பார்த்து கமெண்ட்ல எழுதுங்க.