பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டால் போதுமா?

அடுத்த கேள்வி. "காலையில் காரை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று தடவை பிரேக் பிடிக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. பிரேக் ஆயிலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வாங்கி ஊற்றிவிட்டால் போதுமா, மெக்கானிக்கிடம் காட்டணுமா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். மழையிலோ பனியிலோ ராத்திரி முழுக்க நின்ற காரில் சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டான டிஸ்க் மேல் லேசாகத் துரு படியும், நாலு தடவை பிரேக் பிடித்தால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடே அந்தத் துருவைத் தேய்த்து எடுத்துவிடும். போகப் போகவும் விடாமல் கீச்சென்று வந்தால்தான் கவனிக்கணும். பல பேட்களில் ஒரு சின்னத் தகடு இருக்கும், பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும், அதற்காகவே வைத்திருக்கிறார்கள். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் இரும்போடு இரும்பு அரைபட்டு டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

எனக்குக் கவலையாக இருப்பது உங்கள் ஆயில்தான். பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கோடு அழுத்துகிற காலிப்பரில் இருக்கிற பிஸ்டன் வெளியே தள்ளி வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும், அதனால் டப்பாவில் அளவு மெதுவாகக் குறைவது இயல்பு. அதாவது ஆயில் குறைந்தால் முதலில் பேடைப் பார்க்கணும். பார்க்காமல் மேல் கோடு வரை ஊற்றிவிட்டால், புது பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள், ஆயில் பொங்கி வழியும், பட்ட இடத்தில் பெயின்ட் போய்விடும். பேட் நன்றாக இருந்தும் ஆயில் குறைகிறது என்றால் எங்கேயோ கசிகிறது. சக்கரத்துக்கு உள்பக்கம், பின் சக்கரத்து டிரம், பெடலுக்கு மேலே, எல்லாம் பார்க்கணும், கண்டுபிடிக்கும்வரை காரை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கிவிடலாம். மலைப்பாதையில் இறங்கும்போது விடாமல் பிரேக்கை மிதித்தால் அந்தச் சூடு தாராளமாக வரும், உள்ளே ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. அதனால்தான் பல கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன, கார் ஓடாமல் நின்றிருந்தாலும் இதே கணக்குதான். எப்போதோ திறந்து வைத்த பாட்டிலை ஊற்றாதீர்கள். இன்ஜின் ஆயிலை ஊற்றவே கூடாது, உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் உப்பிப் போய்விடும்.

சத்தமே இல்லாமலும் பிரேக் கெடும், அதைச் சொல்வது பெடல்தான். மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஆயில் ஓடுகிற லைனில் காற்று புகுந்திருக்கலாம். சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் தானாக மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். கல் மாதிரி இறுகினால், நம் மிதிக்குப் பலம் கூட்டித் தருகிற பூஸ்டரைச் சந்தேகப்படுங்கள். இதை நீங்களே பார்க்கலாம்: இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு தடவை மிதியுங்கள், மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் கொஞ்சம் இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கமாக இழுப்பது பெரும்பாலும் காலிப்பர் சிக்கியதால், அந்தச் சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடும். ஸ்டியரிங் ஆடினால் டிஸ்க் சீராக இல்லை. திடீரென்று அழுத்திப் பிடிக்கும்போது காலுக்கடியில் தடதடவென்று அதிர்வது மட்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸின் வேலை, பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

சரி, உங்கள் காருக்கு வருகிறேன். அளவு கீழ்க் கோட்டுக்கு மேலே இருந்தால் எதுவும் ஊற்றாமல் இந்த வாரமே நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கோட்டுக்குக் கீழே போயிருந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஆயில் மாற்றி இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் முழுக்க மாற்றி, காற்றையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.