பம்பிங் குறைஞ்ச இதயம்: வீட்டில் எதைப் பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்

[திரையில்: எக்கோ ரிப்போர்ட். பம்பிங் 30% என்ற வரி பெரிதாகிறது.]

எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன், எடுத்து முடிச்சதும் வீட்டுக்காரங்க முதல்ல கேட்கிறது, "பம்பிங் எவ்வளவு?" இதயத்தோட இடது கீழ் அறையில் நிறையிற ரத்தத்தில், ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியே போகுதோ அதுதான் அந்த எண். நல்ல இதயமே 100 தள்ளாது. 55-லிருந்து 70 வரைக்கும்தான். அதனால 30-னு வந்தா, இதயத்தில் 30 சதவீதம்தான் மிச்சம்னு பயந்துக்க வேண்டாம். 40-ம் அதுக்குக் கீழேயும் வந்தா குறைஞ்ச பம்பிங். எண் சரியா இருந்தும் சிலருக்கு இதே நோய், அதாவது ஹார்ட் ஃபெயிலியர் (இதயச் செயலிழப்பு), வரும். பல வருஷ பிரஷரும் சுகரும் இதயச் சுவரை விறைக்க வெச்சுடும். அது விரிஞ்சு ரத்தத்தை வாங்க முடியாது.

அடுத்து நடக்கிறதைப் புரிஞ்சுக்கிட்டா, டாக்டர் சொல்ற ஒவ்வொண்ணுக்கும் காரணம் தெரிஞ்சிடும். பம்பிங் குறைஞ்சா சிறுநீரகத்துக்குப் போற ரத்தம் குறையும். உடம்பில் தண்ணி வத்திடுச்சுன்னு சிறுநீரகம் எடுத்துக்கிட்டு, உப்பையும் தண்ணியையும் வெளியே விடாமப் பிடிச்சு வைக்கும். அது காலில் இறங்கினா வீக்கம். வயித்தில் சேர்ந்தா ரெண்டு இட்லிக்கே வயிறு முட்டும். நுரையீரலில் தேங்கினா படுக்க முடியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு ஜன்னல் பக்கம் உட்காரத் தோணும்.

உடம்பில் 9 கிராம் உப்பு கூடுதலாத் தங்கினா, கூடவே ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி தங்கும். ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. மூச்சு முட்டுறதுக்குச் சில நாள் முன்னாடியே எடை மிஷின் இதைக் காட்டிடும்.

[திரையில்: சிமெண்ட் தரையில் டிஜிட்டல் எடை மிஷின். பக்கத்தில் ஒரு நோட்டு.]

காலையில் எந்திரிச்சு, ஒண்ணுக்குப் போயிட்டு, காபி குடிக்கிறதுக்கு முன்னாடி ஏறி நில்லுங்க. தினமும் ஒரே மிஷின், ஏறக்குறைய ஒரே கனத்துத் துணி. பாய் மேலயோ மிதியடி மேலயோ மிஷினை வைக்கக் கூடாது. சமமான தரை வேணும். நோட்டில் தேதி, எடை, நேத்து எத்தனை தலைகாணி வெச்சுப் படுத்தீங்க, இது மூணும் போதும். பிறகு கணுக்காலுக்கு மேல, முன்னெலும்பு மேல கட்டை விரலால் அஞ்சு விநாடி அழுத்திப் பாருங்க. எடுத்த பிறகும் குழி நின்னா, அதையும் எழுதுங்க.

வீக்கம் வத்தி டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கு இருந்த எடைதான் உங்க கணக்கு. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலயோ, மூணு நாளில் ரெண்டு கிலோவோ ஏறினா அன்னிக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க. திங்கக்கிழமை பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. எடை திடீர்னு இறங்கி, எந்திரிச்சா தலை சுத்தினாலும் சொல்லணும். வயித்துப்போக்கிலும் அக்னி நட்சத்திர வெயிலிலும் உடம்பு ரொம்ப வத்திப் போகும். அப்போ மாத்திரை அளவை டாக்டர் மாத்த வேண்டி வரும்.

இப்போ உப்பு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், தலைதட்டின ஒரு டீஸ்பூன், அதுக்குள்ள இருக்கணும். வீட்டில் நாலு பேர்னா மாசத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாசம் முடியிறதுக்குள்ள தீருதான்னு அடுப்படியில் பாருங்க. அங்கேயே விடை கிடைச்சிடும். குழம்பில் உப்பைக் குறைச்சிட்டு, தொட்டுக்க ரெண்டு அப்பளம் பொரிச்சா கணக்கு அங்கேயே போச்சு. கல்லிடைக்குறிச்சி அப்பளம் நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்கே பெருமை, மறுக்கல. ஆனா அதில் உப்போட அப்பளக்காரமும் சேருது, ரெண்டிலும் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற சோடியம் இருக்கு. உவரி, கூத்தங்குழி பக்கத்துக் கருவாடு, மோர் மிளகாய், வத்தல், மாவடு, பழைய சோத்துக்கு அள்ளிப் போடுற கல்லுப்பு, எல்லாமே இதே கணக்குதான். இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைஞ்ச உப்புன்னு கடையில் விற்கிறதை டாக்டரைக் கேட்காம வாங்காதீங்க. அதில் பொட்டாசியம் இருக்கு; நீங்க போடுற சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏத்தும். ரெண்டும் சேர்ந்தா இதயத் துடிப்பே தாறுமாறாகும். தினமும் இளநீர் குடிக்கிறவங்களும் இதே காரணத்துக்காகக் கேட்டுக்கணும்.

சொதியில் எலுமிச்சையும் இஞ்சியும் தூக்கலா இருந்தா உப்புக் குறைஞ்சது நாக்குக்கு அவ்வளவா தெரியாது. ரெண்டு மூணு வாரத்தில் நாக்கு பழகிடும்.

தண்ணி அளவு எல்லாருக்கும் ஒண்ணு கிடையாது. ஒன்றரை லிட்டர்னு டாக்டர் சொல்லியிருந்தா, காலையிலேயே ஒன்றரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வைங்க. காபி, மோர், ரசம், கஞ்சி, பதநீர் எது குடிச்சாலும் அதே அளவு தண்ணியைப் பாட்டிலிலிருந்து ஊத்திடுங்க. பாட்டில் காலின்னா அன்னிக்குக் கணக்கு முடிஞ்சுது.

[திரையில்: மாத்திரை அட்டைகள்.]

பம்பிங் குறைஞ்சவங்களுக்குப் பொதுவா நாலு வகை மாத்திரை. சாக்குபிட்ரில்-வால்சார்டன் அல்லது ராமிப்ரில் மாதிரி ஒண்ணு; மெட்டோபுரோலால், பைசோபுரோலால், கார்வெடிலாலில் ஒண்ணு; மூணாவது ஸ்பைரோனோலாக்டோன்; நாலாவது டாபாக்ளிஃப்ளோசின் அல்லது எம்பாக்ளிஃப்ளோசின். கடைசியா சொன்னது சுகருக்கு வந்த மாத்திரை. "எனக்குத்தான் சுகர் இல்லையே"ன்னு நிறுத்திடுறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. சுகர் இல்லாதவங்க இதயத்துக்கும் அது பலன் தருதுன்னு 2019-லேயே பெரிய ஆய்வு காட்டிடுச்சு. மெட்டோபுரோலால் வகை முதல் சில வாரம் அசதியாக்கும், அதனாலதான் குறைஞ்ச அளவில் ஆரம்பிச்சு ஏத்துவாங்க. சட்டுனு விட்டா ஆபத்து. ராமிப்ரிலிலிருந்து சாக்குபிட்ரிலுக்கு மாத்தினா நடுவில் 36 மணி நேரம் இடைவெளி வேணும், இல்லன்னா உதடும் தொண்டையும் வீங்கலாம். பழைய அட்டையை வீட்டில் வெச்சிருக்காதீங்க. புது மாத்திரை சேர்த்தாலோ அளவை ஏத்தினாலோ, ஒண்ணு ரெண்டு வாரத்தில் சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினினும், பொட்டாசியமும் ரத்தத்தில் பார்க்கணும்.

பம்பிங் 50 ஆயிடுச்சே, இனி எதுக்கு மாத்திரைன்னு ஒரு கேள்வி வரும். இதயத் தசை நோயிலிருந்து அப்படி மீண்டவங்களுக்கு மாத்திரையைக் குறைச்சு நிறுத்திப் பார்த்தாங்க, லண்டனில். பத்துக்கு நாலு பேருக்கு மேல, ஆறே மாசத்தில் நோய் திரும்பிடுச்சு. எண் ஏறினது அந்த மாத்திரையாலதான்.

நீர் மாத்திரை, அதாவது ஃபுரோசமைடு அல்லது டோர்செமைடு, தேங்கின தண்ணியை இறக்கும். கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரத்துக்குப் பஸ்ஸில் போகணும், நடுவில் இறங்க முடியாதுன்னு அன்னிக்கு அதை விட்டுடுறாங்க. பந்தியில் அப்பளமும் ஊறுகாயும் சேரும். மறுநாள் ராத்திரி மூச்சு முட்டும். விட வேண்டாம், நேரத்தை மாத்துங்க. ஃபுரோசமைடு போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வர்றது ஒரு மணி நேரத்தில் ஆரம்பிச்சு ஆறு மணி நேரத்துக்குள்ள அடங்கிடும். போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கலாம். சாயங்காலம் நாலு மணியைத் தாண்டினா ராத்திரித் தூக்கம் கெடும், அவ்வளவுதான்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குற டைக்ளோஃபெனாக், ஐபுரூஃபன் ரெண்டும் சிறுநீரகத்துக்குப் போற ரத்தத்தை இன்னும் குறைச்சு, உப்பைப் பிடிச்சு வைக்கும். நீர் மாத்திரையும் சரியா வேலை செய்யாது. நாள்பூரா குனிஞ்சு உட்கார்ந்து பீடி சுத்துற அம்மாக்கள் இந்த மாத்திரைகளைத்தான் அதிகம் போடுறாங்க. வலியைத் தாங்கிக்கோங்கன்னு சொல்ல மனசு வரல. பாராசிட்டமால் போடலாம், ஆனா தண்ணியில் கரைச்சுக் குடிக்கிற வகை வேண்டாம். அதில் சோடியம் இருக்கு.

உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு முட்டுது, ரோஸ் நிறத்தில் நுரையா சளி வருது, நெஞ்சு வலிக்குது, மயக்கம் வருது, இதில் எது வந்தாலும் உடனே 108. மூச்சு முட்டுறவங்களைப் படுக்க வைக்காதீங்க, கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு நிமிர்த்தி உட்கார வைங்க. தண்ணி கொடுக்காதீங்க. பாபநாசம், மாஞ்சோலைப் பக்கம் இருக்கிறவங்க பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரமாகும், அதனால விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். எடை நோட்டு, கடைசி எக்கோ, இப்போ போடுற மாத்திரை அட்டைகள், காப்பீட்டு அட்டை எல்லாத்தையும் ஒரே கவரில் போட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரியுற இடத்தில் மாட்டி வைங்க.